நாவல் மரத்தின் சுற்றளவு

மெட்டுகுடாவில் எங்கள் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, கல்லூரி ஆய்வுக்காக நான் அங்கே மரங்களை அளந்து முடித்திருந்தேன். ஒரு தெருவில் எந்த மர இனம் எவ்வளவு முக்கியம் என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. எத்தனை நிற்கின்றன, எத்தனை இடங்களில் தென்படுகின்றன, அடிமரம் எவ்வளவு பருமன். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் வேம்பு முதலிடம், அடுத்தது புங்கம். ஒற்றை மரமாக நின்ற நாவல் கடைசி.

அந்த நாவல் நின்றது நான் குடியிருந்த வீட்டு வாசலில். மேற்குப் பார்த்த வீடு. கீழ்வீட்டு அக்கா அதன் நிழலில்தான் தையல் மெஷினைப் போட்டுப் பிழைப்பை ஓட்டினார்.

சாஃப்ட்வேர் கம்பெனிப் பேருந்துகள் திரும்ப இடமில்லையாம். ஒரு நாள் காலையில் இன்ஜினியர் ஆட்களோடும் ரம்பத்தோடும் வந்துவிட்டார். நான் மரங்களை அளந்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"மரங்கள்ல பாதியை விட்டுடலாம் மேடம்," என்றார் தெலுங்கில், ஏதோ தானம் செய்கிறவர் மாதிரி. "உங்க கணக்குல கடைசியில இருக்கறது எது? அதுலேருந்து ஆரம்பிக்கறோம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. கடைசி என்றால் அந்த இனம் இந்தத் தெருவில் அரிது என்று அர்த்தம், வெட்டு என்று அர்த்தமில்லை. சொன்னேன். எங்கே காதில் வாங்கினார்!

"கடைசின்னா கடைசிதானே, எது சொல்லுங்க."

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னும் அளந்து முடியல," என்றேன். பச்சைப் பொய்.

"அளங்க. நிக்கறேன்."

டேப்பை நாவலின் நெஞ்சுயரத்தில் சுற்றினேன். அக்கா வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் அளவைச் சொன்னதும், "நக்கோ, இது வேணாம், டேப் முறுக்கிட்டிருக்கு, மறுபடி அள," என்றார். அளந்தோம். "எதுக்கு அவசரம்? பட்டை தடுக்குது பாரு." அப்புறம் புங்கம், வேம்பு, திரும்பவும் நாவல்.

வெயில் ஏறியது. ஆட்கள் ஒவ்வொருவராக நாவல் நிழலுக்கே வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் இன்ஜினியரும் வந்தார். சாயங்காலம், "நாளைக்கு வர்றேன், முடிச்சு வைங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நான் டேப்பைச் சுருட்டப் போனேன். அக்கா விடவில்லை.

"சுத்தினபடியே இருக்கட்டும். காலையில அவன் வந்தா, நாம இன்னும் அளந்துட்டுதான் இருக்கோம்."