காலி டிரம்மில் தண்ணீர் அதிகம்

என் நாத்தனார் முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அங்கே அவருக்கு 'ட்யூப் சிஸ்டர்' என்று பெயர். வார்டில் ஏதாவது மெஷின் கத்தினால் மற்றவர்கள் அதன் வாயை அடைக்கப் பட்டனைத் தேடுவார்களாம். இவர் மட்டும் முதலில் நோயாளியைப் பார்ப்பார். அப்புறம் கட்டிலுக்குக் கீழே குனிந்து, ட்யூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போவார். பத்துக்கு எட்டு தடவை மடங்கித்தான் இருக்குமாம். இவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே புது நர்ஸ்கள் ட்யூப்களை நீவிவிட ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவரே என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் கிடையாது.

ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், படுக்கையில் விழுந்த தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள. அப்பா என்றால் என் மாமனார். எழுந்து நடக்க முடியாது. எப்போது படுக்கை நனையும் என்று அவருக்கே தெரியாது. என் கணவர் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி விண்ணப்பம்கூட வாங்கிவந்துவிட்டார். நானும் சரி என்றுதான் சொன்னேன். இப்போது நல்லவள் வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது, சொன்னது சொன்னதுதான்.

நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றார். "ஒரு மாசம் குடுடா. அப்பா ஒரு நாளாவது ஈர விரிப்புல கிடந்தாரு, ரூம்ல நாத்தம் வந்துச்சுன்னா, நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரேன்." தம்பியான என் கணவரும் ஒத்துக்கொண்டார். விண்ணப்பம் சாப்பாட்டு மேஜையில் பழக்கூடைக்கு அடியில் ஒரு மாதம் கிடந்தது. அன்றைக்கு அந்த மாதத்தின் கடைசி நாள். என் கணவர் மாலை ஐந்து மணிக்கு வேலையிலிருந்து வருவார்.

காலை பத்து மணிக்கு வாஷிங் மெஷின் கூவ ஆரம்பித்தது.

உள்ளே ஆறு விரிப்புகள். மாமனாருக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. இருந்த எட்டில் ஆறு அழுக்காகியிருந்தன. ஒன்று கட்டிலில், ஒன்று அலமாரியில். அவ்வளவுதான் கையிருப்பு. நாத்தனார் மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, திரையில் மின்னிய எழுத்துக்கு அர்த்தம் பார்த்தார். 'தண்ணீர் அளவுக்கு மேல் நிரம்பியுள்ளது.'

"எங்க நிரம்பியிருக்கு?" என்று கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. விரிப்புகள் சுருண்டு கிடந்தன. அடியில் பம்ப் மட்டும், இல்லாத தண்ணீரை வெளியேற்றிக்கொண்டு, ர்ர்ர் என்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "யாருக்கும்மா முடியலை?"

"மெஷினுக்குப்பா. நீங்க படுங்க."

பிளக்கைப் பிடுங்கி, கால் மணி கழித்துச் சொருகினோம். அதே கூவல். மெக்கானிக்குக்குப் போன் செய்தோம். அவர் திங்கட்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். "குழாயைத் திறந்து வெச்சுட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாருங்க. கரண்ட் இல்லாமலே தண்ணி உள்ளே வந்தா, தண்ணி விடுற வால்வு போச்சுன்னு அர்த்தம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தோம். தண்ணீர் வரவில்லை. வால்வு நன்றாக இருந்தது. அடுத்து, நுரை அதிகமானாலும் இப்படி வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. சோப்புத்தூளை மருந்து மாதிரி அளந்து போடுகிறவர் வீட்டில் நுரை எங்கே பொங்கும்? கீழே இருந்த வடிகட்டியைக் கழற்றினார். ஒரு சட்டைப் பொத்தானும் கொஞ்சம் பஞ்சும் வந்தன. கழுவி மாட்டினோம். மெஷின் மறுபடியும் தண்ணீர் அதிகம் என்றது.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அலமாரியில் இருந்த கடைசி விரிப்பும் கட்டிலுக்குப் போய்விட்டது.

"அக்கா, ரெண்டு பேருமா கையால துவைச்சுடலாமே" என்றேன்.

"இன்னைக்குத் துவைச்சுடலாம். நாளைக்கு?" அவருடைய வலது மணிக்கட்டு ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஈரத்துணியைப் பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இந்த வீட்டால அப்பாவைப் பாத்துக்க முடியும்னு காட்டத்தான் ஒரு மாசம் கேட்டேன். ஒரு நாள் வித்தை காட்டுறதுக்கு இல்ல."

அந்தச் சமயம் பார்த்து என் கணவர் போன் செய்தார். "வீட்ல எப்படி? ஏதாவது பிரச்சனையா?"

ஒரு வார்த்தை போதும். மெஷின் கெட்டுவிட்டது, விரிப்பு இல்லை என்று சொன்னால் கதை முடிந்தது. ஒரு மாதம் முன்பு நான் விரும்பியதும் அதுதானே? குளியலறை வாசலில் நாத்தனார் ஈரத்தரையில் உட்கார்ந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பிரச்சனையும் இல்லைங்க" என்றேன்.

நாத்தனார் மறுபடியும் மெக்கானிக்கைப் பிடித்தார். "தம்பி, உள்ளே தண்ணி இல்ல. ஆனா இருக்குன்னு சொல்லுது. அதுக்கு யாரு சொல்றா?"

அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார் போலிருக்கிறது. "போர்டு போயிருக்கும்மா. மாத்தணும். தொட்டி அடியிலேருந்து மேல ஒரு சின்ன ட்யூப் போகும், அதுல இருக்கற காத்தோட அழுத்தத்தை வெச்சுத்தான் தண்ணி எவ்வளவுன்னு அதுக்குத் தெரியும். அதெல்லாம் உங்களுக்கு…"

"ட்யூபா?" என்றார் நாத்தனார். போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தோம். பின்பக்கத் தகட்டில் ஆறு திருகாணிகள். இடது கையாலேயே ஆறையும் கழற்றினார். தகட்டை நகர்த்தி டார்ச் அடித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே, அழுக்குத் தண்ணீர் வெளியேறும் தடித்த குழாயைச் சுற்றி, சுளுக்குக்குக் கட்டும் கிரேப் பேண்டேஜ் ஒன்று. எட்டுப் போட்டுச் சுற்றி, முனையில் பிளாஸ்திரி ஒட்டி, அவ்வளவு நேர்த்தியான கட்டு. யார் கட்டியது என்று கேட்கவே வேண்டாம். மூன்று வாரம் முன்பு, மெஷின் சுழலும்போது அந்தக் குழாய் தகட்டில் டக் டக் என்று இடித்தது. மாமனார் தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்தார். நான் ஊரில் இல்லாத ஒரு மத்தியானம் இவரே கழற்றிக் கட்டுப் போட்டு, "பத்து நிமிஷத்துல சத்தத்தை நிறுத்திட்டேன்" என்று பீற்றிக்கொண்டார். அந்தக் கட்டுக்குள், மெக்கானிக் சொன்ன மெல்லிய ட்யூபும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. மெஷின் குலுங்கக் குலுங்கக் கட்டு கீழே சரிந்து, ட்யூபை இரண்டாக மடித்துவிட்டிருந்தது.

"காத்து உள்ளே மாட்டிக்கிச்சு" என்றார் மெதுவாக. "தண்ணி வடிஞ்சது அதுக்குத் தெரியலை. பாவம், இன்னும் நிறைய இருக்குன்னே நினைச்சுட்டு இருக்கு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கண் கலங்கியிருந்தது.

"எத்தனை நர்ஸ் பிள்ளைங்களைத் திட்டியிருக்கேன், ட்யூபைச் சேத்துக் கட்டாதேன்னு. எத்தனை பேரு அழுதிருக்கு."

"அவங்கள்ல யாரும் இங்க இல்லக்கா. அவிழுங்க."

கட்டை அவிழ்த்து, ட்யூபை நீவிவிட்டார். குழாயை மட்டும் தகட்டில் இடிக்காதபடி ஒரு பழைய நாடாவால் தளர்வாகக் கட்டினோம். பிளக்கைச் சொருகியபோது இரண்டு பேருமே மூச்சு விடவில்லை. கூவல் இல்லை. திரையில் அந்த எழுத்து இல்லை. சலசலவென்று தண்ணீர் உள்ளே வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவ்வளவு ஆசையாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு மொட்டைமாடியில் ஆறு விரிப்புகளும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. நாலே முக்காலுக்கு மாமனார் படுக்கை நனைந்தது. மாடியில் காய்ந்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு நான் ஓடிவர, என் கணவர் அன்றைக்கென்று பத்து நிமிடம் முன்னதாக வந்து அறை வாசலில் நின்றார். நாத்தனார் வீங்கிய மணிக்கட்டில் அதே கிரேப் பேண்டேஜைக் கழுவிச் சுற்றியிருந்தார்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கமாட்டாரே.

"டேய், மெஷின் இன்னைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஓடாம நின்னுடுச்சு. கெடுத்ததும் நான்தான், சரி பண்ணினதும் நான்தான். ஒரு விரிப்புகூட இல்லாமதான் இருந்தோம். உனக்குத் தெரியணும்னு சொல்றேன்."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ மத்தியானம் ஒரு பிரச்சனையும் இல்லைன்ன."

"ஆமா, சொன்னேன்" என்றேன்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நாத்தனார் ஒரு கையால் விரிப்பின் முனையைப் பிடித்தார். வலியில் விரல் நழுவியது. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். இந்த ஒரு மாதத்தில் அந்த வேலையை அவர் தொட்டதே இல்லை.

"அப்பாவை எந்தப் பக்கம் திருப்பணும்?"

"சுவத்துப் பக்கம். தோளையும் இடுப்பையும் சேத்துப் பிடி. இழுக்காதே."

மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "காலையில யாருக்கோ முடியலைன்னாங்களே, சரியாயிடுச்சா?" என்றார்.

"சரியாயிடுச்சுப்பா" என்றார் என் கணவர். விரிப்பின் மடிப்பைக் கையால் நீவிவிட்டு, "அந்த இல்லத்துக்குத் திங்கட்கிழமை போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடறேன்க்கா" என்றார்.

"அங்க ஆறு மணி வரைக்கும் ஆள் இருப்பாங்க" என்றார் நாத்தனார். "இப்பவே பண்ணு."

என் கணவர் பேசி முடித்து போனைக் கீழே வைக்கும்வரை நாத்தனார் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.