பின்கட்டில் ஒரு பெரட்டு

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் ரோட்டில் தூறலில் நடந்துகொண்டிருந்தேன். யூனிஃபோர்மைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பனியனுக்கு மேல் ஸ்வெட்டர் மட்டும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மரக்கறி லொறி, கொழும்பில் சாப்பாட்டுக் கடை என்று சுற்றியவனுக்கு வேலை போவது புதிதல்ல. இந்தத் தடவை போன காரணம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

நான் உதவியாளாக இருந்தது, காசு கட்டி முதியவர்களை விடும் ஒரு ஹோமில். பூந்தோட்டத்தைப் பார்த்த முன்கட்டில் தேயிலைத் தோட்டங்களை நிர்வகித்த பழைய தொரைமார், டாக்டர்மார், அறைக்கு ஒருவர். பின்கட்டில் அறைக்கு நாலு பேர். பச்சையம்மா அங்கேதான் இருந்தார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். மகள் ராணி வெளிநாட்டில் யாருடைய தாயையோ குளிப்பாட்டி, அந்தச் சம்பளத்தில் தன் தாயை இங்கே வைத்திருந்தாள்.

பச்சையம்மா விடியற்காலையில் எழுந்து, போர்வையை, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு மாதிரிக் கட்டிக்கொண்டு முன்தோட்டத்தில் போய் நிற்பார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுக்கு வந்திருக்கிறாராம். முன்கட்டில் தூக்கம் கெடுகிறது என்று புகார் வந்தது.

"பெரட்டு இல்லம்மா, போய்ப் படுங்க" என்றேன் ஒரு நாள். நான் செய்த பெரிய பிழை அது.

"எம்பேர வெட்டிட்டாங்களா தம்பி? நான் என்னா கொறை வச்சேன்?" என்று அழுதவர் அன்று சாப்பிடவில்லை.

"நாளையிலருந்து தூக்க மாத்திரை குடுத்துருவோம்" என்றார் மேட்ரன். அந்த மாத்திரையில் படுத்தவர்கள் பிறகு எழுந்து நடந்ததை நான் அங்கே பார்த்ததில்லை.

மறுநாள் மாத்திரை வருமுன்னே பின்முற்றத்தில் பேர் எழுதிய கொப்பியோடு நின்றேன்.

"பச்சையம்மா!"

"வந்துட்டேங்க!"

"இன்னைக்கி போஞ்சி நறுக்குற வேல."

குசினியில் எட்டு மணிவரை நறுக்கினார். மூன்று ரொட்டி சாப்பிட்டார். இரவு தானாகத் தூங்கினார். மேட்ரன் மாத்திரையை எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் பின்கட்டே வரிசையில் நின்றது.

பிறகு முன்கட்டிலிருந்து பழைய தொரை ஒருவர் கைத்தடியோடு வந்து என் பக்கத்தில் நிற்கப் பார்த்தார்.

"தொரை, லேட்டு! கடைசியில போய் நில்லுங்க" என்றார் பச்சையம்மா.

தொரை சிரித்துக்கொண்டே போய் நின்றார். துவாய் மடிக்கிற வேலை கொடுத்தேன். பார்க்க வந்த அவர் மகனின் கண்ணில் அது பட்டுவிட்டது.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அவர தோட்டத்து லயத்துக் கூலி ஆளுங்களோட நிப்பாட்டுவியா? அந்தக் கெழவிக்கு இன்னைக்கே மாத்திரை. நீ கெளம்பு."

லீவில் வந்திருந்த ராணிக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் நடக்கத் தொடங்கினேன்.

பாதி வழியில் ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே ராணி, அருகில் துணி மூட்டையோடு பச்சையம்மா, நன்றாக விழித்தபடி.

"ஏறுங்கண்ணே. அம்மாவ கூட்டிக்கிட்டு வந்துட்டேன். எங்க தோட்டத்துல, கொழுந்துக்குப் போறவங்க கைப்பிள்ளைகள விட்டுட்டுப் போற பழைய பிள்ளைக் காம்பரா சும்மா கெடக்கு. தோட்டத் தலைவர்கிட்ட சாவி வாங்கிட்டேன். சனம் வேலைக்குப் போனா பெருசுங்க பகலெல்லாம் தனியா கெடக்குதுங்க. பாத்துக்குவீங்களா?"

"முன்கட்டு, பின்கட்டு இருக்கா?"

"ஒரே அறைதாண்ணே."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. ஒருவரைப் படுக்க வைக்குமுன், அவர் எதற்காக எழுந்தார் என்று கேளுங்கள்.

மறுநாள் காலை பிள்ளைக் காம்பரா வாசலில் கொப்பியைத் திறந்தேன். ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரையும் கூப்பிட்டு முடித்தேன். பச்சையம்மா நகரவில்லை.

"ஒம்பேரு என்னா தம்பி?"

சொன்னேன். அதை மலைக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"வந்துட்டேங்க!" என்றேன்.

"அப்ப நின்னுகிட்டு என்னா பாக்குற? தேத்தண்ணிக்கு கேத்தல அடுப்புல வையி."