குதிரை மாத்திரையும் இரண்டு பொட்டலம் நாசி கண்டாரும்

ஜார்ஜ்டவுன் துறைமுகத்துப் பக்கம் ஒரு லாரிக் கம்பெனியில் டிஸ்பாட்ச் கிராணியாக இருந்தேன். எந்த லாரி எங்கே போகிறது, யார் ஓட்டுவது, எல்லாம் என் மேசையில்தான் முடிவாகும். சாவிகளும் என்னிடம்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

முதலாளி ஒரு பழக்கம் வைத்திருந்தார். கோலாலம்பூர் போய் முதலில் திரும்புகிறவனுக்கு அடுத்த நல்ல டிரிப். எப்போதும் டிரைவர் மணியம்தான் முதல். சாப்பாட்டிலும் அவன்தான் முதல். கிளம்பும் முன் இரண்டு பொட்டலம் நாசி கண்டார் சோற்றை ஆபீஸ் பெஞ்சிலேயே காலி செய்வான். பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒருநாள் காலை பொட்டலம் பிரித்தபடி கிடக்கிறது, ஆள் தொடவே இல்லை. வியர்க்க வியர்க்க ஓயாமல் பேசுகிறான்.

"என்னடா, பசிக்கலியா?"

"பசியே இல்லக்கா. சாவியக் குடுங்க. மத்தியானத்துக்குள்ள கே.எல்.ல இருப்பேன் லா."

முழு லோடு லாரி, மத்தியானத்துக்குள்ளா! முந்தின வாரம்தான் தாப்பா பக்கம் வேறொரு கம்பெனி லாரி, வளைவில் வேகம் அடங்காமல் எதிரே வந்த காரில் மோதியது. டிரைவரும் போனான், காரில் இருந்த குடும்பமும் போனது. அவன் தூக்கம் வராமலிருக்க 'பில் குடா' போட்டிருந்தான் என்று பேச்சு. மலாயில் குதிரை மாத்திரை என்று அர்த்தம்.

"மாத்திரை போட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க்கா. ரெண்டு நாளா தூங்கல. எல்லாரும்தான் போடறாங்க."

சாவியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். இனி எவன் என்ன செய்ய முடியும்?

மணியம் கத்தினான். சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். "சரோஜா, சரக்கு லேட்டானா கஸ்டமர் என்னைத் தின்னுடுவான். குடு!"

"வேற ஆளச் சொல்லுங்க, இப்பவே குடுக்கறேன். இவன் செத்தா இவன் பொண்டாட்டிகிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும். நான் போக மாட்டேன்."

வேறு டிரைவர் யாரும் அன்று இல்லை. முதலாளி மணியத்தின் கண்களை உற்றுப் பார்த்தார். அவரே ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர்தான், லைசென்ஸையும் விடாமல் புதுப்பித்து வந்தார். "நானே ஓட்டறேன்" என்று கையை நீட்டினார். நான் திரும்பி நின்று சாவியை எடுத்துக் கொடுத்தேன். தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவர் லாரியில் ஏறிய அழகைப் பார்த்து யார்ட் முழுக்கச் சிரிப்பு.

சாயங்காலம் மாத்திரையின் வேகம் இறங்கியதும் மணியம் பெஞ்சில் சுருண்டான். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான் போலிருந்தது. இதே தூக்கம் ஸ்டியரிங் முன்னால் வந்திருந்தால் என்று நினைத்தேன். அவன் மனைவி வந்து பார்த்துவிட்டு, "குறட்டை விடறாருக்கா" என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

மறுநாள் முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "இனிமே பந்தயம் கிடையாது. கே.எல்.லயே ஒரு ராத்திரி தூங்கிட்டு வாங்கடா."

இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சாவி கொடுக்கும் முன் டிரைவரின் முகத்தைப் பாருங்கள். சரக்கு லேட்டானால் திட்டு விழும். அதை வாங்கிக்கொள்ளலாம்.