தேவயானி திரும்பிப் பார்த்த நாலு வினாடி

பச்சமுத்து முப்பத்தொரு வருடம் ஊராட்சியில் மோட்டார் ஆபரேட்டராக இருந்தார். உத்திரமேரூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்குக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறப்பார், ஏழரைக்கு மூடுவார். 1999 ஆடியில் இரண்டு நாள் மட்டும் திறக்கவில்லை. அவருடைய ஒரே மகள் தேவயானி மூளைக்காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். ஒன்பது வயது. மூன்றாம் நாள் காலை ஆறுக்குத் தண்ணீர் வந்தது.

நான் அந்த வீட்டுக்குப் போனது பல வருடம் கழித்து, அவர் மனைவி பவளத்தைக் கவனித்துக்கொள்ள. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். பவளத்துக்குச் சர்க்கரை. ஒரு கண் முன்பே போய்விட்டது. இன்னொன்று தீபாவளி வரை தாங்கினால் பெரிது என்று காஞ்சிபுரத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கண்ணு அவியறதுக்குள்ள பொண்ணு மூஞ்சிய ஒரு வாட்டி பாத்துடறேன்யா."

பார்ப்பதற்குப் படம் இல்லை. பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் அவள் முகம் மிளகு அளவு. ஒரு வீடியோ காசெட் இருந்தது. அந்த வருடம் தை மாதம் பவளத்தின் தம்பிக்குக் கல்யாணம். பந்தியில் தேவயானி சொம்போடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறாள். கேமரா விளக்கு முதுகில் படுகிறது. திரும்பிச் சிரிக்கிறாள். மொத்தம் நாலு வினாடி. அவள் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்ததும் நிறுத்தி, சுற்றாமல் அப்படியே வெளியே எடுப்பார்கள். அடுத்த முறை நேராக அவள் முகத்திலேயே தொடங்கட்டும் என்று. 2003இல் பிளேயர் கெட்டது. காசெட் சாமி அலமாரிக்குப் போனது.

எழுபத்திரண்டு வயதில் பச்சமுத்து ஒரு பழைய கம்ப்யூட்டரும், டேப்பிலிருந்து படத்தை அதற்குள் ஏற்றும் சின்னக் கருவியும் வாங்கினார். இரவல் பிளேயரில் போட்டு ஏற்றினார். எல்லாம் சேறாக வந்தது. மகள் திரும்பும் இடத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள். படத்தின் அளவு போதவில்லை என்று நினைத்து, இருப்பதிலேயே பெரிய எண்ணை வைத்தார்.

"நம்பர ஒசத்துனா படம் பெருசாவுது நர்சம்மா, தெளிவாவ மாட்டுது."

பஜாரில் செல்போன் கவர் விற்கும் காஜா மொய்தீனிடம் போனோம். முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தொட்டில கீறது அஞ்சாயிரம் லிட்டரு. பெரிய பைப்பு போட்டா பத்தாயிரமா வரும்? மோட்டாரு ஆபரேட்டரு உனுக்கு நான் சொல்லணுமாண்ணே?"

"அப்ப இன்னாதான் பாய் பண்றது?"

"கீறது ஒழுவாம வந்து சேரணும். அத்தப் பாரு."

அந்த டேப்புக்கு 720க்கு 576 புள்ளி போதும், அதற்கு மேல் வைப்பது வீண் என்றார். ஏற்றும்போதே கோப்பைச் சுருக்கக் கூடாது. மஞ்சள் முனை ஒயரைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகக் கொண்டுவரும் ஒயரைப் போட வேண்டும். அதற்கு ஏற்ற நல்ல பிளேயரைத் தன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளே சுழன்று டேப்பைப் படிக்கும் ஹெட்டை நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பஞ்சு கூடாது, இழை ஒட்டும் என்றார். நூல் பிரியாத துணி எடுத்துக்கொண்டேன்.

படம் கழுவிவிட்டது போல வந்தது. பேனரில் பெயர் படிக்க முடிந்தது. இலையில் உப்பு தெரிந்தது. பந்தியில் இருந்தவர்களில் செத்துப்போனவர்களைப் பச்சமுத்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு தேவயானி வந்தாள். இரட்டைச் சடை, ரோஸ் ரிப்பன், சொம்பு. திரும்பினாள். வெள்ளைக் கோடுகள். ஹெட்டைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை போட்டோம். அதே இடம்.

அங்கேயே நிறுத்தி காசெட்டை வெளியே எடுத்து, முன்மூடியைத் தூக்கினேன். டேப்பில் சிவப்பாக ஏதோ பொருக்கு கட்டியிருந்தது.

"இது இன்னா?" என்று கேட்டேன்.

கட்டிலிலிருந்து பவளம்தான் பதில் சொன்னாள், பெருமையாக. "குங்குமம். வருசா வருசம் அவ நாள்ல கொழைச்சிப் பொட்டு வெப்பேன். அவ கீற எடமாச்சே! இவருதான் மூடியத் தூக்கிப் புடிப்பாரு."

பச்சமுத்து என்னைப் பார்த்தார். நான் காசெட்டை வாசலுக்கு எடுத்துப்போனேன். அவர் பின்னாலேயே வந்தார். கையுறை போட்டுக்கொண்டு மெதுவாகத் துடைத்தேன். சிவப்பு வந்தது, அதோடு டேப்பின் பழுப்புப் பூச்சும் வந்தது. நாலு விரல் நீளத்துக்கு டேப் கண்ணாடியாகி, அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது. ஈரத்தில் பூச்சு எப்போதோ ஊறிப்போயிருக்கும், துடைத்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு கேட்டபோது காஜா சொன்னார். இருக்கலாம்.

"அவகிட்ட சொல்லாத நர்சம்மா" என்றார் பச்சமுத்து.

மறுநாள் பெரிய டிவியில் போட்டார். பவளத்தை நாற்காலியில் உட்காரவைத்து, திரைக்கு ஒரு முழம் தள்ளி நகர்த்தினேன். சடையும் ரிப்பனும் அவளுக்குத் தெரிந்தன. கையை நீட்டித் தொட்டாள். தேவயானி திரும்பத் தொடங்கினாள். ஒரு காது, கொஞ்சம் கன்னம். அதற்கு மேல் வராதபடி பச்சமுத்து நிறுத்திவிட்டார்.

"இன்னாயா, நின்னுடுச்சி?"

"கரண்டு பூட்ச்சிமே."

"ஃபேனு ஓடிக்கினு கீதே."

பச்சமுத்து எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"சரி வுடு. அந்த ரிப்பன் நான் வாங்கிக் குட்த்தது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் போடச் சொல்லவில்லை. ஆடியில் மகளின் நாள் வந்தது. அதற்குள் கண் மங்கி நிழலாட்டம்தான் தெரிந்தது. குங்குமம் குழைத்துக் கொடுக்கச் சொல்லி விரலை நீட்டினாள். பச்சமுத்து காசெட்டை எடுத்துவந்து மூடியைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியாகிப்போன அந்தத் துண்டைத் தடவிப் பார்த்து, அதன்மேல் பொட்டு வைத்தாள்.

"சரியா வெச்சனாயா?"

"சரியாதான் கீது."

அவள் விரலில் மிச்சமிருந்ததை நான் துடைத்துவிட்டேன்.