மனைவியின் மருந்து உறையில் நான் மாற்றி வைத்தது

மூன்று வருடத்துக்கு முன், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து நிறைய விளைந்து கொட்டிக்கொண்டிருந்த மாதத்தில் நடந்தது இது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. என் மனைவி மலையில் கொழுந்து எடுப்பவள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவேன். அதனால் இதை எழுதவே இத்தனை காலம் ஆகிவிட்டது.

அவளுக்கு ஒரு வியாதி. பகலில் எந்த நேரத்திலும் தூக்கம் வந்து ஆளைச் சாய்க்கும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றபடியே தூங்குவாள். சோற்றில் வைத்த கையோடு தூங்குவாள். "தூங்குமூஞ்சி வந்துட்டா, யாராச்சும் பாயை விரிங்கடி!" என்று மலையில் கேலி செய்வார்கள். இன்னொரு தடவை தூங்கினால் வேலை இல்லை என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான், இது சோம்பல் இல்லை, மூளையில் உள்ள கோளாறு என்று தெரிந்தது. மாத்திரையை எண்ணி, சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தந்தார்கள். காலையில் ஒன்று. அதைப் போட ஆரம்பித்தபின் அவள் மற்றவர்களைப் போல் முழு நாளும் வேலை செய்தாள்.

ஸ்டோரில் ஆள் பற்றாமல் நான் இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்த வாரம் அது. ஒரு காலை எனக்குக் கண் சொருகியது. ஒன்றுதானே என்று அவள் உறையிலிருந்து எடுத்து விழுங்கினேன்.

தூக்கம் போன இடம் தெரியவில்லை. அதோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். என் வாயும் திறந்துகொண்டது. நானாகப் போய்ப் பேசினேன், பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைத்தேன். "அண்ணே, இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கூட வேலை செய்கிறவன் கேட்டுச் சிரித்தான். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்க ஆட்கள் நின்றார்கள். மறுநாளும் எடுத்தேன். சில நாளில் ஒன்று போதவில்லை, இரண்டு எடுத்தேன்.

உறையில் குறைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே. தோட்டத்து மருந்தகத்தில் எனக்குத் தந்த விட்டமின் மாத்திரையும் அதே வெள்ளை, அதே அளவு. எடுத்ததற்குச் சரியாக அதை எண்ணிப் போட்டேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மலையிலிருந்து ஆள் ஓடி வந்தது. கொழுந்து நிறுக்கப் போன இடத்தில், பாதையோரம் நின்றபடியே தூங்கிச் சரிந்திருக்கிறாள். கொழுந்து ஏற்ற வந்த டிராக்டர் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சக்கரம் கொழுந்துப் பையின் மேல் ஏறி நின்றது. நான் போனபோது அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரை போட்டேங்க. சத்தியமா போட்டேங்க" என்று என்னிடமே சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

துரை அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அதற்குப் பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த வாரம் கிளினிக்குக்குப் போனோம். மாத்திரை வேலை செய்யவில்லை என்று அவள் அழுதாள். டாக்டர் அளவைக் கூட்ட யோசித்தவர், எதற்கும் பார்ப்போம் என்று உறையை வாங்கி உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பாதி நாங்க குடுத்த மருந்து இல்லையே. யாரு போட்டது?"

"நான்தான்" என்றேன்.

டாக்டர் கத்தவில்லை. விழித்திருக்க வைக்கும் ஒரு பொருள் அவள் மூளையில் குறைவு, இந்த மருந்து அவளை நம் நிலைக்குக் கொண்டுவருகிறது என்றார். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. உற்சாகம் தருகிற டோபமின் என்ற ஒன்றை மூளை சுரந்து, திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை அதை உறிஞ்ச விடாது. அது தேங்கி நிற்பதைத்தான் தைரியம் என்று நினைத்தீர்கள் என்றார். பழகப் பழக மூளை இன்னும் கேட்கும், இதயமும் கெடும் என்றார். அன்று காலையும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் நான் பஸ் ஏறியிருந்தேன். அது அவருக்குத் தெரிந்தது போலிருந்தது.

வெளியே வந்து நீள மர வாங்கில் உட்கார்ந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"மருந்து போட்டும் தூங்குறேனே, அப்ப நான் நெசமாவே சோம்பேறிதான் போலன்னு நெனச்சுட்டேங்க."

டாக்டர் தந்த கடிதத்தோடு மறுநாள் துரையின் ஆபீசுக்குப் போனேன். மாத்திரை போடவில்லை. உடம்பெல்லாம் ஈயமாகக் கனத்தது. கிளார்க்குமார் பார்த்துக்கொண்டிருக்க, திக்கித் திக்கி, திருடியது நான் என்று சொன்னேன். துரை கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். அடுத்த வாரம் அவளுக்கு, வண்டி வராத தேயிலை நாற்றுமேடையில் வேலை கிடைத்தது. எனக்கு அந்த ஆசை முழுதாக விட மாதங்கள் ஆயின. கிளினிக்கில் எனக்கும் ஒரு அட்டை போட்டார்கள்.

டிராக்டர் சக்கரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறும். ஆனால், ஊரே சோம்பேறி என்றபோது நம்பாதவளை, அவளே அதை நம்பும்படி செய்தது நான்தான் என்பதை நினைக்கும்போது, அந்தப் பதற்றம்கூட சின்னதாகத்தான் தெரிகிறது.