ரஃபீக் பாயின் அளவு தப்பவில்லை

ரஃபீக் பாய் கடைந்த எஞ்சினில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது. இரண்டு ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்...

எனக்கு ஒரு பைத்தியம். பழைய பந்தயக் கார் ஒன்றின் அச்சு அசலான நகலை, ஃபைபர் உடம்பு வைத்து, ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு ஷெட்டில் கட்டினேன். உள்ளே ஆயிரத்து அறுநூறு சிசி எஞ்சின். போதவில்லை! ராயப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ரஃபீக் பாய்தான் நான்கு சிலிண்டர்களையும் அகலமாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, அதை ஆயிரத்து எண்ணூறாக்கினார். எட்டு மாத உழைப்பு.

"ஸ்பீடு யார் வோணா ஏத்துவான் நைனா. பொக லிமிட்டுல நிக்கணும், அதான் வேலை" என்பார். நின்றது. புகைச் சோதனையில் முதல் தடவையே தேறியது. ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டச் சொன்னார்கள்.

அதற்குள் ஒரு ஞாயிறு காலை, கடற்கரைச் சாலையில், நண்பர்கள் முன்னால் என் கார் பின்தங்கியது. சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புகையைச் சுத்தப்படுத்தினாலும் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும் கன்வெர்ட்டரைக் கழற்றி, உள்ளே தேன்கூடு போலிருந்த பீங்கானை இரும்புக் கம்பியால் குத்தி நொறுக்கிக் கொட்டினேன். வெறும் கூட்டைத் திரும்ப மாட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மறுசோதனையில் கார் தோற்றது! பக்கத்தில் நின்ற பாயின் முகம் வெளுத்துவிட்டது. "ஆயில் எரியுது போல கீது... நான்தான் தப்பா கடைஞ்சிட்டேன்" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்தேனா?

எஞ்சினைப் பிரித்தார். அளந்தார். மறுபடி அளந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சோதனைச் சீட்டைத்தான் நம்பினார். பிஸ்டன்களுக்குப் புது ரிங் போட்டுப் பூட்டினார். நான் சத்தமில்லாமல் புதுக் கன்வெர்ட்டர் மாட்டினேன். கார் தேறியது.

புரிகிறதா உங்களுக்கு? முதலில் அவர் செய்தது தப்பு என்பதற்கு அந்தத் தேர்ச்சியே சாட்சியாகிவிட்டது! "கண்ணு போச்சு நைனா, அளவு தெரியல" என்று சிலிண்டர் கடைவதையே விட்டுவிட்டார். இப்போது கேட்டுகளுக்குக் கீல் செய்கிறார். என்னைத் தடுத்தது எது? அனுமதி போய்விடும் என்ற பயம்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பொய்... அவர் என்னைக் கேவலமாகப் பார்ப்பாரே என்ற வெட்கம்!

போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் பட்டறைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். நான் தொடங்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆசையா கட்டின வண்டிய கெடுக்கப் பாத்தேனே... மன்ச்சிக்கோ நைனா."

"பரவாயில்ல பாய்" என்றேன்.

ஆம்... அவரை நான் மன்னித்துவிட்டு வந்தேன்!