ரிக் வண்டிக்குப் போன சந்தகை

நான் நிர்வாக அலுவலராக இருந்த அரசு மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. ஒரு நோயாளிக்கென்று எழுதிக் கொடுத்த பத்திய உணவை வேறொருவருக்கு வழங்கக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரர் எவ்வளவு பசியோடு பார்த்தாலும் கூடாது. இந்த விதியை மீறியவர்களிடம் நான் எழுதி வாங்கிய விளக்கங்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அப்படிப்பட்ட என் வீட்டிலிருந்தே, போன வருஷம் கோடையில், ஒரு பத்திய உணவு கிளம்பி ராஜஸ்தான் வரை போய் அந்த விதியைச் சுக்குநூறாக்கியது.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் அதிகம், வருமானம் குறைவு. மளிகைக் கடையில் சூப் பொடிப் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருப்பதை முழுக்கப் படிக்கும் ஒரே வாடிக்கையாளர் நான்தான். சோள மாவு, உப்பு, சர்க்கரை, கடைசியில் பேருக்குக் கொஞ்சம் தக்காளி. இதற்கா இந்த விலை? சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் சாமான் வாங்கி வந்து, பாக்கெட்டில் வரும் எதையும் இனி வீட்டிலேயே செய்வது என்று தீர்மானம் நிறைவேற்றினேன். என் மனைவி ஆட்சேபம் தெரிவித்தாள். பதிவு செய்துகொண்டு தள்ளுபடி செய்தேன்.

ரவா இட்லி மாவு, பஜ்ஜி மாவு, சூப் பொடி எல்லாம் நன்றாகவே வந்தன. தக்காளி சாஸ் மட்டும் அலமாரியில் இருந்தபடியே பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு சுவரெல்லாம் தெறித்துவிட்டது. காலையில் பால் ஊற்ற வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனார்.

"ஆஸ்பத்திரிய உட்டு வந்துட்டீங்கன்னு பாத்தா, ஊட்டயே ஆஸ்பத்திரி ஆக்கிப்போடுவீங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் மனைவி.

இந்தப் புகழ் மாடி வரைக்கும் போயிருக்கிறது. மாடியில் குடியிருப்பது ஓர் இளம் தம்பதி. கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது ரிக்கில் இருப்பார்கள். வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். இவர் இரும்பு ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, அப்போதுதான் ஆபரேட்டர் ஆகியிருந்தார். ஆபரேட்டராகப் போன முதல் பயணத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். குடல் புண்.

ஒரு நாள் காலையில் அந்தப் பெண் கீழே இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"ரிக்கு ஓடறப்ப நெனச்ச நேரத்துக்கு எந்திரிக்க முடியாதுங்களாமா சார். பசிச்சா நூடுல்ஸ் பாக்கெட்ட ஒடைச்சு, சுடுதண்ணி ஊத்தி முழுங்கறதுதானுங்க. இல்லீனா சமையல்காரரு வெக்கற கொழம்பு. அது மொளகாத்தூள்லயே நீச்சலடிக்குமுங்க."

காரம் கூடாது, பாக்கெட் நூடுல்ஸ் கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மறுபடி வலி வந்தால் ரிக் வேலையை மறந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரிக் முதலாளியோ, இந்த ஒரு தடவைதான் பொறுத்துக்கொள்வேன், இன்னொரு தரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஆபரேட்டர் சீட்டில் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். சீட்டுப் போனால் பழையபடி விசைத்தறிக்குத்தான் போக வேண்டும்.

"தறிச் சத்தத்துக்கு ரிக்குச் சத்தமே தேவலாம்பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

வெந்நீர் ஊற்றினால் சாப்பாடாகும் பத்தியச் சரக்குகள் பெரிய கடைகளில் இல்லாமல் இல்லை. ஆனால் விலையைப் பார்த்தால் வாங்குகிறவருக்கும் வயிற்றில் புண் வந்துவிடும். அதனால்தான் என்னிடம் வந்திருந்தாள்.

"சுடுதண்ணி ஊத்துனாச் சோறாவோணும். காரம் கூடாது. கெட்டுப்போகக் கூடாது. செலவும் நெம்ப ஆகக் கூடாதுங்க சார்."

பணிக்காலம் முழுக்க என்னிடம் வந்த விண்ணப்பங்களில் இவ்வளவு தெளிவான ஒன்றைப் பார்த்ததில்லை. அங்கேயே அனுமதித்தேன்.

கோதுமை மாவைப் பிசைந்து நூடுல்ஸ் இழுப்பது பற்றி நான் விரிவாக விளக்க ஆரம்பித்தேன். மனைவி பாதியில் நிறுத்தினாள். "நூலாட்ட வரோணும், அவ்வளவுதானுங்களே? பரண்ல சந்தகை மரம் சும்மாதான கெடக்குது?"

சந்தகை எங்கள் பக்கத்துப் பலகாரம். புழுங்கல் அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தின் அச்சில் போட்டு அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். ஏற்கெனவே வெந்த பண்டம். காயவைத்துவிட்டால் வெந்நீர் ஊற்றியதும் மறுபடி இளகும். என் கோதுமை ஃபைலை மூடிவிட்டுப் பரணில் ஏறினேன்.

அச்சின் கைப்பிடியை அழுத்துவது என் பொறுப்பு. முழு எடையையும் போட்டுத் தொங்கியும் நூல் இறங்க மறுத்தது. "அரசாங்க வெயிட்டு அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள் மனைவி. மாடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வந்து கூடவே அழுத்தினாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முதல் சோதனை தோல்வி. மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயவைத்ததை, பார்வைக்குக் காய்ந்தது போலிருக்கிறதே என்று அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். வெந்நீர் ஊற்றியதும் பசையாகிவிட்டது. மனைவி கரண்டியில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். "போஸ்டர் ஒட்டலாமுங்க. நல்லாப் புடிக்கும்."

அடுத்த தரம் சின்னக் கண் உள்ள அச்சுத் தட்டைப் போட்டோம். நூல் மெலிதாக இறங்கியது. ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரை வெயிலிலேயே விட்டோம். பாசிப்பருப்பு, சீரகம், கறிவேப்பிலை மூன்றையும் வறுத்து, நிழலில் உலர்த்திய முருங்கைக் கீரையோடு மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பொடித்துக்கொண்டோம். கிண்ணத்தில் ஒரு கைப்பிடி சந்தகை, மேலே ஒரு கரண்டிப் பொடி, வெந்நீர், ஒரு மூடி. திறந்தபோது பூப்போல மலர்ந்திருந்தது. அவளுடைய கணவர் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைச் சாய்த்து மிச்சத் தண்ணீரையும் குடித்தார். அன்று முழுக்க வயிறு முணுமுணுக்கவில்லை.

பிறகு என் இலாகா. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் வீதம், அந்தப் பயணத்துக்குப் போதுமான அளவு கட்டினோம். ஒவ்வொன்றின் மேலும் தயாரித்த நாளை எழுதி, கீழே, "பத்திய உணவு. ஒரு நபருக்கு மட்டும். பிறருக்கு வழங்கலாகாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துங்களா? பச்சை மையி பேனா தீந்து போச்சுங்களா?" என்று கேட்ட மனைவியைக் கண்டுகொள்ளவில்லை.

வைகாசியில் அவர், ரிக்குக்கு உதிரிச் சாமான் ஏற்றிப் போகும் லாரியிலேயே ராஜஸ்தானுக்குக் கிளம்பினார். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ரிக், செல்போன் டவர் கிடைக்காத மூலைக்குப் போய்விட்டது. திருச்செங்கோட்டுக்கும் ரிக்குக்கும் போய் வரும் அந்த லாரி டிரைவர்தான் இனி எங்களுக்குத் தபால். ஆனியில் டிரைவர் ஊருக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"சாருங்க, உங்க சந்தகை பிரமாதமுங்க. நாங்க போய்ச் சேந்த அன்னிக்கே காலி."

"காலி என்றால்?"

"அல்லாரும் தின்னுட்டமுங்க. நானும் தின்னனுங்க."

ஒரு நபருக்கு மட்டும் என்று எழுதியிருந்ததே என்று கேட்டேன். டிரைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரிக்குல ஊட்டுப் பொட்டலம்னு ஒண்ணு வந்தா தார்ப்பாயை விரிச்சு நடுவால கொட்டிருவாங்க. ஆரு ஊட்டுதுன்னு கேக்கற வழக்கமே இல்லீங்க. நீங்க எழுதுனத ஒருத்தன் சத்தமாப் படிச்சானுங்க. சிரிச்சுச் சிரிச்சு வவுறே வலிச்சுப் போச்சு."

மாடிப் பெண் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பறம் அவரு என்னத்தத் திங்கறாருங்க?"

டிரைவருக்குச் சிரிப்பு போய்விட்டது. "மறுக்கா நூடுல்ஸ்தான் கண்ணு. வவுத்தத் தடவிக்கிட்டேதான் ஒக்காந்திருந்தாப்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில், டிரைவரிடம் எண் வாங்கி, ரிக் மேலாளரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி தட்டினேன். "பொருள்: பத்திய உணவு முறைகேடாகப் பகிரப்பட்டமை, விளக்கம் கோருதல்" என்று தொடங்கி, அந்த ஆபரேட்டரின் உடல்நிலை, மருத்துவரின் அறிவுரை, இனி எடுக்க வேண்டிய நடவடிக்கை எல்லாவற்றையும் அடக்கிய செய்தி. அனுப்பியதற்கு ஒற்றை டிக் விழுந்ததோடு நின்றுவிட்டது.

அடுத்து மூட்டைக்குப் பூட்டுப் போட்டு அனுப்பலாம், சாவியைத் தனியாகக் கொடுத்துவிடலாம் என்றேன். மனைவி அரிசி டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தன பேரு சுத்தி நிக்கறப்ப, பூட்டத் தொறந்து தனியாத் திங்கற ஆளாங்க அவரு? அப்படிப்பட்ட ஆளா இருந்தா மொதப் பொட்டலமே மிஞ்சியிருக்குமில்லீங்க? பூட்டு வேண்டாமுங்க. அல்லாருக்கும் சேத்துப் புழிஞ்சரலாம்."

அத்தனை பேருக்கா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கும் கணக்கு புரிந்துவிட்டது. அரிசியும் பாசிப்பருப்பும்தானே, முருங்கைக் கீரை தோட்டத்தில். ஒருவருக்குக் கடையில் வாங்குகிற பத்தியச் சரக்கின் செலவில் ஒரு ரிக் வண்டியே சாப்பிடும்.

லாரி திரும்பக் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும். என் அத்தனை வேட்டிகளும் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. லுங்கியோடு வங்கிக்குப் போன நாளும் உண்டு. ஆனிக் காற்று பாதிச் சந்தகையைப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டம்மா திருப்பிக் கொடுக்க வந்தவர், கைப்பிடியைப் பிடித்து அழுத்த உட்கார்ந்துவிட்டார். இந்த முறை தனித்தனிப் பொட்டலம் இல்லை. மூட்டையாகக் கட்டினோம். மேலே என்ன எழுதுவது என்று பேனாவோடு நின்றேன். எழுதத் தோன்றவில்லை.

லாரி போனது. டிரைவரை அங்கிருந்தபடியே வேறு ரிக்குக்கு அனுப்பிவிட்டதாகத் தகவல் வந்ததே தவிர, வேறு செய்தி இல்லை. அந்தப் பெண் விடிந்ததும் மாடியின் எல்லா மூலைக்கும் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், டவர் கிடைக்காதது இங்கேதான் என்பது போல. சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். என் மனைவி தட்டோடு மேலே போவாள், பாதித் தட்டோடு கீழே வருவாள்.

ஆடியில் ஒரு நாள் காலை, காவிரிக்குப் போகப் புளி சாதமும் தேங்காய் சாதமும் கட்டிக் கூடையில் வைத்துவிட்டு, மாடிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தோம். என் கைப்பேசி அதிர்ந்தது. நான் அனுப்பிய செய்திக்கு மேலாளரின் எண்ணிலிருந்து பதில். ரிக் ஒருவழியாக டவர் உள்ள இடத்துக்கு வந்திருக்கிறது. குரல் பதிவு. பேசியது மாடிக் குடித்தனக்காரர்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மொதப் பொட்டலத்துலயே தனியாத் திங்க மனசு வரலைங்க. வந்திருந்தாலும் நேரத்துக்குத் தின்னிருக்க முடியாதுங்க. எனக்கு ஒருத்தனுக்காக ரிக்க நிறுத்த முடியுங்களா? இப்ப அல்லாருக்கும் சந்தகைங்களா, சமையல்காரரு பெரிய அண்டாவுல தண்ணி காய வெச்சு, அல்லாத் தட்டத்துலயும் ஒரே மட்டா ஊத்திப்போடறாருங்க. ஊத்துனாக் காத்திருக்காதுங்க, ஊறிப்போயிரும். அதனால மத்தியானமானா வண்டிய நிறுத்திப்போட்டு அல்லாரும் உக்காந்துக்கறமுங்க. மேனேஜரும்தானுங்க. வலி இல்லீங்க சார். மொதலாளி வந்து பாத்துட்டு, சீட்டு உனக்குத்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாருங்க."

பின்னாலிருந்து யாரோ, "இன்னொரு மூட்டை வேணும்னு சொல்லுங்கண்ணா!" என்று கத்தினார்கள்.

மருத்துவர் சொன்னதில் காரத்தையும் பாக்கெட்டையும் நாங்கள் மூன்று பேரும் கவனித்திருந்தோம். நேரத்துக்குச் சாப்பிடுவது என்பதைப் பொட்டலத்தில் கட்டி அனுப்ப முடியும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அது தானாக மூட்டைக்குள் ஏறிப் போயிருக்கிறது.

அந்தப் பெண் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு கூடையைப் பார்த்து, "பசிக்குதுங்கம்மா" என்றாள். காவிரி எங்கேயும் போய்விடாது என்று சொல்லி, என் மனைவி கட்டிய சாதத்தை அங்கேயே பிரித்துவிட்டாள். வாசல் நடையில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

இப்போதும் ரிக்குக்கு மூட்டை போகிறது. இன்னும் இரண்டு ரிக் வீடுகளுக்கும் சேர்த்துப் பிழிகிறோம். யாருக்காவது பத்தியம் வேண்டும் என்று வந்தால், அவருக்கு என்ன ஆகாது என்பதோடு, அவர் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் அரிசியை ஊறப்போடுகிறேன், அந்தப் பதில் வந்த ஆடிப் பதினெட்டிலிருந்து.